நத்தம் பஸ்ஸில் போன கறுப்புக் கவர்கள்

கடைக்கு வருகிற ஆள், முன்னால் நிற்கிறவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றால் அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதிலும் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தார் என்றால் சந்தேகமே வேண்டாம், மூலம்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்க் களிம்பு ஒன்றும் மாத்திரை ஒரு அட்டையும் எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு முடிச்சும் போட்டிருப்பேன். "சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு நேரம்" என்று மட்டும் மெதுவாகச் சொல்வேன். அப்போது அந்த முகத்தில் ஒரு நிம்மதி வரும். அடுத்த முறையும் அவர் என் கடைக்குத்தான் வருவார்.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். எதிரே இரண்டு, அடுத்த தெருவில் மூன்று என்று கடைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் தாடிக்கொம்பிலிருந்தும் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். நான் கேள்வி கேட்க மாட்டேன் என்பதுதான் காரணம். இதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலைக்குச் சேரும் பெண்களிடம் முதல் நாளே சொல்வேன்: "வந்தவங்கள நிக்க வச்சு விசாரிக்காதம்மா. மானத்தோட வந்தாங்க, மானத்தோட போகட்டும்." சொல்லிவிட்டு அந்தப் பெண் என்னை மரியாதையாகப் பார்க்கிறதா என்றும் கவனிப்பேன்.

அக்காவும் ஒருநாள் அப்படி ஓரமாக வந்து நின்றாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், நத்தத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர். அத்தானுக்கு அங்கே புளி வியாபாரம். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் திண்டுக்கல் வந்திருந்தார்கள். அத்தானை ஜவுளிக் கடையில் உட்கார வைத்துவிட்டு அக்கா மட்டும் தனியாக வந்தாள். எப்போதும் நேராக உள்ளே நுழைந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏலே, காப்பி சொல்லு" என்று அதிகாரம் பண்ணுகிறவள், அன்று வெளியே நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "வெளிக்கிப் போகையில ரத்தம் வருதுடா" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊரார் எல்லோருக்கும் கூச்சமில்லாமல் எடுத்துக் கொடுக்கிறவனுக்குச் சொந்த அக்காவிடம் பேச நாக்கு வரவில்லை. "சிவப்பாவா, கறுப்பாவா?" என்றேன். அன்றிலிருந்து பதினாறு மாதத்தில் நான் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"சிவப்பாத்தான்."

"அப்ப மூலந்தான். கறுப்பாப் போனாத்தான் பயப்படணும்."

இந்த விதியை எங்கே படித்தேன் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். நான் படித்த டி.பார்ம் புத்தகம் எதிலும் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று நானாக உண்டாக்கிக்கொண்டது. யாரும் மறுத்துச் சொல்லாததால் அது உண்மையாகிவிட்டது. கவரைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்ட அக்கா, "உங்க அத்தான்ட்ட சொல்லிராத" என்றாள். "நான் எதுக்குச் சொல்றேன்" என்றேன். அக்கா மானத்தையும் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் அவள் இதற்காக நேரில் வரவில்லை. ஃபோன் பண்ணி, "அந்தக் கவரக் குடுத்து விடு" என்பாள். அது போதும். பஸ் நிலையத்தில் நத்தம் வண்டி நிற்கும். கண்டக்டரிடம் கவரைக் கொடுத்துவிட்டு, வண்டி கிளம்புகிற நேரத்தை அத்தானுக்கு ஃபோனில் சொல்லிவிடுவேன். அவர் நத்தம் பஸ் நிலையத்தில் நின்று வாங்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுப்பார். என்ன மருந்து என்று அவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை, மூக்குக்கண்ணாடி, பழுது பார்த்த மிக்சி ஜார் எல்லாம் இப்படித்தான் போய்ச் சேரும். கண்டக்டர் என்னவென்று கேட்டால் "மருந்து" என்பேன். கறுப்புக் கவரைப் பார்த்ததும் அவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

மாதாமாதம் கவர் கனத்துக்கொண்டே வந்தது. "சரியாப் போக மாட்டேங்குது" என்றாள். இசப்கோல் டப்பா ஒன்று சேர்ந்தது. பிறகு, "சில நாளு நாலஞ்சு தடவ ஓட வேண்டியிருக்கு, சளி மாதிரி போகுது" என்றாள். சீதபேதிக்கான மாத்திரையை வைத்தேன். பள்ளிக்கூடத்தில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். இரும்புச்சத்து மாத்திரை. அதை அனுப்பும்போது, "இத போட்டாக் கறுப்பாப் போகும், பயந்துறாத" என்று நானே சொன்னேன். எதைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தேனோ, அந்தப் பயத்தையும் நானே எடுத்துவிட்டேன்.

என் கடையில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தட்டில் இருக்கின்றன. தட்டு தட்டாக எடுத்துப் போட்டேனே தவிர, எல்லாம் ஒரே வயிற்றில் ஒரே காரணத்தால் நடக்கலாம் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஒரு நாள் ஃபோனில், "போயிட்டு எந்திரிச்சாலும் உள்ள இன்னும் பாக்கி இருக்க மாதிரியே இருக்குடா" என்றாள். இது மூலம் இல்லையோ என்று அன்று எனக்குத் தோன்றியது. "ஸ்கூல்ல ஒரே இடத்துல உக்காந்தே இருக்கேல்ல, அதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கூட்டம் போன பிறகும் நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் விவரம் கேட்க வேண்டியிருக்கும். அக்காவிடம் அதைக் கேட்க எனக்கு வெட்கம், அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இப்படியே அடுத்த கிறிஸ்துமஸும் போய்த் தவக்காலமும் வந்தது. அக்கா இளைத்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி எழுந்து போக வெட்கப்பட்டு அவள் காலைச் சாப்பாட்டையே விட்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாஸ்கா ஞாயிறன்று ஈஸ்டர் பூசை முடிந்து அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கறிக்குழம்பு, சோறு, நாலு வகை வெஞ்சனம் என்று என் மனைவி மும்முரமாக இருந்தாள். அக்கா உட்காரவே இல்லை. நின்றுகொண்டே பரிமாறினாள், நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாள். என் மனைவி அவளை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செத்த நேரம் கழித்து வெளியே வந்தவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"மதினி ஜாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஊக்கு குத்திப் போட்டுருக்காங்க. இம்புட்டு இளைச்சிருக்காங்க, உங்க கண்ணுக்குத் தெரியலையா? வருசம் தாண்டி ரத்தம் போகுதாம். நீங்கதான் மருந்து குடுத்து விடுறீங்களாம்."

"மூலம்..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு பாத்துச் சொன்னது?" என்றாள். அவள் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள். டி.பார்ம் படித்த நான் இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

மதுரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல் வந்து பார்க்கிற குடல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவரிடம் அக்காவைக் கூட்டிப் போனேன். அத்தானுக்கு அன்று புளி மண்டியில் வேலை. டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார், "எத்தனை மாசமா ரத்தம் போகுது?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டு மாசமா" என்றாள்.

"அதுக்கு மருந்து எதுவும் எடுத்தீங்களா?"

"இல்லங்க. தம்பிட்டச் சொன்னேன், சொன்ன ஒடனே கூட்டியாந்துட்டான்."

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல காரியம் பண்ணீங்க. நிறையப் பேரு மெடிக்கல்ல களிம்பு வாங்கிப் போட்டுப் போட்டே வருஷத்த ஓட்டிருவாங்க."

நான் மெடிக்கல் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வாயைத் திறக்க அது எத்தனை நல்ல இடம். டீச்சர் வேலையில் பிள்ளைகள் பொய் சொன்னால் பிரம்பை எடுக்கிறவள் எனக்காகப் பொய் சொல்கிறாள், நான் அதற்குள் ஒளிந்துகொண்டு நிற்கிறேன்.

திரைக்குப் பின்னால் அக்காவைப் படுக்க வைத்துப் பரிசோதித்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "விரல்லயே கட்டி தட்டுப்படுது" என்றார். "அரை நிமிஷப் பரிசோதனை. இத முதல்லயே பண்ணா எவ்வளவோ பேரு தப்பிச்சிருவாங்க." குடலுக்குள் குழாய் விட்டு ஸ்கோப் பார்த்து, சதையில் துணுக்கு எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். பிறகு எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். "மூலத்துலயும் ரத்தம் வரும், புற்றுநோயிலயும் வரும். சிவப்பா வந்தா மூலம்தான்னு நினைக்கிறது தப்பு. கடைசிக் குடல்ல கட்டி இருந்தாலும் சிவப்பாத்தான் வரும். மூலத்துக்குப் பெரும்பாலும் ரத்தம் தனியாச் சொட்டும், அரிக்கும், கொஞ்ச நாள் இருக்கும், போயிரும். ஆனா போற பழக்கமே மாறுது, சளியோட கலந்து வருது, போயிட்டு வந்தும் போகாத மாதிரி இருக்கு, எடை குறையுது, சோகை வருதுன்னா உடனே பாக்கணும். மூலம் இருக்கிறவங்களுக்கே கூட இதுவும் சேந்து இருக்கலாம். உள்ள பாக்காம யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு என் கடைத் தட்டுகள் தெரிந்தன. இசப்கோல் இருக்கும் கீழ்த்தட்டு, சீதபேதி மாத்திரைத் தட்டு, இரும்புச்சத்துத் தட்டு. டாக்டரம்மா அடுக்கிய அத்தனையையும் நான் நத்தம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

துணுக்குப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. மதுரையில் கதிர்வீச்சு, ஊசி மருந்து, பிறகு அறுவை. கட்டி ஆசனவாய்க்கு வெகு அருகில் இருந்ததால் அதையும் எடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கத்தில் மலம் போக வழி வைத்துப் பை மாட்டினார்கள். அது ஆயுளுக்கும் இருக்கும். முன்னாலேயே வந்திருந்தால் பை இல்லாமல் முடிந்திருக்குமா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்கவே இல்லை. பதில் எனக்கு வேண்டாம்.

அக்கா பிழைத்துவிட்டாள். மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். இடுப்பில் சேலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுகிறாள், மற்றபடி பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. என்னால்தான் தாங்க முடியவில்லை. அதற்குக் காரணம் அத்தான். யார் வந்தாலும், "என் மாப்ள மட்டும் இல்லேன்னா இவ இன்னைக்கு இல்ல. சொன்ன அன்னைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிட்டான். அதான் படிச்சவன் வீட்டுல ஒருத்தன் இருக்கணும்கிறது" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விருந்தில் பந்தியிலேயே என் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தி இதைச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா எதிரே வந்து, "தம்பிக்குக் கறி வைங்க, எல வெறும் எலையா இருக்கு" என்று சத்தம் போட்டாள். நான் உட்கார்ந்து கறியைத் தின்றேன்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொல்லிருக்கேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். அவரும் என்னைப் போலத்தான், விசாரிக்காமல் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடையில் மட்டும் மாறிவிட்டேன். ஓரமாக நிற்கிறவரை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்து, எத்தனை நாளாக, வேறென்ன தொந்தரவு, டாக்டர் யாராவது பார்த்தார்களா என்று கேட்கிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர் முகம் சிவந்து எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் கறுப்புக் கவரோடு அங்கிருந்து வெளியே வருவதை இங்கிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அக்காவுக்குச் சிகிச்சை முடிந்தபோதே டாக்டரம்மா சொல்லியிருந்தார், கூடப் பிறந்தவர்களும் ஒரு தடவை ஸ்கோப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அக்கா வாராவாரம் கேட்டாள். அடுத்த வாரம், நோன்பு முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒருநாள் தொந்தரவு தாங்காமல், "போயிட்டு வந்துட்டேன்க்கா, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றேன்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். "ஏலே, நான் டாக்டரம்மாட்டயே கேட்டுட்டேன். நீ வரவே இல்லங்கிறாங்க."

ஃபோனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன்.

"உனக்காக நான் அவங்ககிட்டப் பொய் சொன்னேன். நீ என்கிட்டப் பொய் சொல்லாத" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆசனவாயை எடுத்துப் பை மாட்டியபோதுகூட அவள் என் முன்னால் அழவில்லை. "செவ்வாக்கெழம செக்கப்புக்கு நாங்க வாரோம். ஒழுங்கா நீயும் வந்து சேரு."

போனேன். மூன்று பேரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம், நடுவில் அக்கா. அவள் பரிசோதனை முடிந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆனதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ரத்தம், வலி எதுவும் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "பயப்படாதீங்க. உங்க அக்கா மாதிரி ரெண்டு மாசத்துலயே வந்துட்டா எதையும் பாத்துக்கலாம்" என்றார். அத்தான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் இவன் புண்ணியம்ங்க" என்று ஆரம்பித்தார்.

"ரெண்டு மாசம் இல்ல டாக்டர்" என்றேன்.

மேசைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள். நன்றாக அழுத்தி மிதித்தாள்.

"பதினாறு மாசம். நான் மெடிக்கல் வச்சிருக்கேன். மூலம்னு சொல்லி நான்தான் மாசாமாசம் மருந்து குடுத்து விட்டேன். அக்கா எனக்காக மாத்திச் சொல்லிட்டாங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் ஃபைலை எடுத்து முதல் பக்கத்துக்குப் போய், இரண்டு என்பதை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அத்தான் பக்கம் நான் திரும்பவே இல்லை. "சரி, அந்தப் பக்கம் போய் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து முழங்காலை மடக்கிப் படுத்தேன். அங்கேயும் ஒரு காலண்டர் தொங்கியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றும் தட்டுப்படவில்லை, ஸ்கோப்பை வியாழக்கிழமை பார்த்துவிடலாம் என்றார்.

மூன்று பேரும் பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தோம். அக்கா நத்தம் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கீழே என் பக்கத்தில் நின்றார். கண்டக்டர் பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்து, "என்னண்ணே, கவர் எதும் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அத்தான் இனி கத்துவார், இத்தனை நாளாகப் பேசிய பெருமையை எல்லாம் என் முகத்தில் திருப்பி எறிவார் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"அம்புட்டுக் கவரையும் நாந்தான மாப்ளே வாங்கிட்டுப் போனேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டு வரைக்கும் கையில வச்சிருப்பேன். ஒரு நாளும் என்னன்னு பிரிச்சுப் பாக்கல. பொம்பள சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு அவ கையில குடுத்துட்டுப் போயிருவேன்."

என் குற்றத்தில் அவர் பங்கு கேட்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "இல்லத்தான், நான்தான்" என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் விழவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அவர் ஏறிப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மடியில் இருந்த மருந்துப் பையை வாங்கி முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையாக வெளியே எடுத்து, தூக்கிப் பிடித்து, அது எதற்கு என்று அவளிடம் கேட்க ஆரம்பித்தார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வண்டி கிளம்பி வெளியே திரும்புகிற வரைக்கும் அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.